கைராசி மட்டும் போதுமா? உடம்புப்பிடித் தொழிலும் நம் சமுதாயமும்

‘உடம்புப்பிடி நிலையத்தில் சோதனை, பலர் கைது.’ இப்படி ஒரு செய்தியைப் படிப்பது நமக்குப் பழகிவிட்டது. குடிநுழைவுத் துறை வருகிறது, காவல் துறை வருகிறது, நகராண்மைக் கழக அதிகாரிகள் வருகிறார்கள். முகத்தை மூடிக்கொண்ட வெளிநாட்டுப் பெண்களின் படம் வருகிறது. இரண்டு நாளில் மறந்துவிடுகிறோம்.

இந்தச் செய்திகளில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டே போகிறது. ஒழுக்கக்கேடு எதுவும் இல்லாத, உரிமம் உள்ள, குடும்பத்தோடு போகக்கூடிய கடை என்றே வைத்துக்கொள்வோம். அங்கே நம் உடம்பைத் தொடுகிறவருக்கு அந்த வேலை தெரியுமா? எதைச் செய்யலாம் என்பதைவிட, எதைச் செய்யக்கூடாது என்பது தெரியுமா?

இதை நான் கேட்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு.

பெரியம்மாவின் கை

என் பெரியம்மா தோட்டத்தில் பால் வெட்டியவர். மாலையில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மங்கில் கால் வைத்துச் சுளுக்கியவர், கழுத்து பிடித்துக்கொண்டவர், பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து அழைக்க வந்தவர். நல்லெண்ணெயைச் சூடு காட்டிக்கொண்டே பெரியம்மா கேள்வி கேட்பார். “எப்ப விழுந்தே தம்பி? காய்ச்சல் இருக்கா? கால ஊனி நிக்க முடியுதா?” ஊன்ற முடியவில்லை என்றால் தொடமாட்டார். “இது என் வேல இல்ல சாமி, டிரெசர்கிட்ட போ” என்று அனுப்பிவிடுவார். காய்ச்சல்காரருக்கும் அதே பதில்தான்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இன்று எந்த நாட்டில் உடம்புப்பிடியை முறையாகக் கற்றுக்கொடுத்தாலும் முதல் வாரப் பாடம் அதுதான். கையை வைக்கும் முன் கேள். வீக்கமா, எலும்பு முறிவா, தொற்றா என்று பார். உன் எல்லைக்குள் இல்லை என்றால் அனுப்பிவிடு.

அந்தப் பெரியம்மாவுக்கு வயதான பிறகு இனிப்பு நீர் வந்தது. பட்டணத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, கால் மரத்துப்போகிறது என்று பக்கத்திலிருந்த ஒரு கடைக்கு அழைத்துப்போனார்கள். சூடான மூலிகை மூட்டையைப் பாதத்தில் வைத்தார்கள். “சூடு போதுமாம்மா?” என்று கேட்டார்கள். பெரியம்மாவுக்குச் சூடே தெரியவில்லை. “இன்னும் வையுங்க” என்றார். மறுநாள் கொப்புளம். அது புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாமல், கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கடையில் யாரும் கெட்டவர் இல்லை. இனிப்பு நீர் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் நமக்குப் பெரிய விஷயம்?

சுகாதார அமைச்சின் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவர். நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் பாத நரம்புகள் கெட்டு, வலியும் சூடும் தெரியாமல் போகும். கால் மரக்கிறது என்றுதான் நம்மவர் உடம்புப்பிடிக்குப் போகிறார்கள். அதாவது, மிகுந்த கவனத்தோடு தொட வேண்டிய கால்தான் கடைக்கு முதலில் வருகிறது.

பக்கவாதத்தின் கதை இன்னும் கொடுமை. திடீரென்று வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சு குழறினால், ‘வாதம் அடித்துவிட்டது, எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும்’ என்று இன்றும் சில குடும்பங்கள் முதலில் வைத்தியரைத் தேடுகின்றன. இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உருவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளை இழக்கும் நேரம். ஆபத்து நீங்கிய பிறகு, மருத்துவரின் சம்மதத்தோடு உடம்புப்பிடி துணை செய்யலாம். அரசாங்க மருத்துவமனைகளே அதைத் தருகின்றன. ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் 999, பிறகுதான் எண்ணெய்.

தொழிலின் அடிப்படை: தொடாமல் இருக்கத் தெரிவது

உடம்புப்பிடி நல்லது. இறுகிய தசை தளரும், முதுகுவலிக்குச் சில காலம் ஆறுதல் கிடைக்கும், மனச்சோர்வு குறையும். யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் சில நிலைகளில் அதே கை கேடு செய்யும். தொழில் கற்றவர் இவற்றை மனப்பாடமாக வைத்திருப்பார்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அதை அழுத்தித் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிரே போகலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும், நெடுநேரப் பயணத்துக்குப் பிறகும் இது வரக்கூடும்.

இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவரை அழுத்திப் பிடித்தால் உள்ளுக்குள் இரத்தம் கசியும். எலும்பு தேய்ந்த முதியவரை முழங்கையால் அழுத்தினால் எலும்பு முறியலாம். கழுத்தைச் சட்டென்று திருப்பி ‘நெட்டி’ எடுப்பது மூளைக்குப் போகும் இரத்தக் குழாயைக் கிழித்துவிடலாம். காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம், புற்றுநோய் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது.

நம் வீட்டு வழக்கங்களிலும் இரண்டு திருத்தம் தேவை. அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவரின் வயிற்றை, தையல் ஆறும் முன்பு அழுத்தவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அழகான வழக்கம்தான், ஆனால் மூக்கில் எண்ணெய் விடக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும்.

கேட்பது, மறுப்பது இரண்டுக்கும் அடுத்தபடி வருவது மரியாதை. எந்த இடத்தைத் தொடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். தொடும் பகுதியைத் தவிர மற்றதைத் துணியால் மூடியிருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். கை கழுவி, நகம் வெட்டி, ஒவ்வொருவருக்கும் புதுத் துணி விரிக்க வேண்டும். யாருக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். நோய்க்குப் பெயர் சூட்டுவதும், ‘மாத்திரையை நிறுத்துங்கள்’ என்பதும் உடம்புப்பிடிப்பவரின் வேலையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கடை வாசலில் தொங்கும் நகராண்மைக் கழக உரிமம், அந்த இடத்தில் அந்த வியாபாரத்தை நடத்தலாம் என்பதற்கான அனுமதி. உள்ளே இருப்பவரின் திறமைக்கு அது சாட்சி அல்ல. நம்மில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம்.

திறமையைக் கவனிப்பது வேறொரு சட்டம். 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவம் உட்பட ஏழு துறைகளை அரசாங்கம் இதன் கீழ் அங்கீகரித்துள்ளது. இந்தியத் துறையில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி எல்லாம் அடங்கும். இந்தத் துறைகளில் தொழில் நடத்துகிறவர் மன்றத்தில் பதிவு செய்து, தொழில் நடத்தும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பயிற்சியாளர் பதிவு 2021-இல் தொடங்கியது. ‘பிசியோதெரபிஸ்ட்’ என்பவருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, சட்டம் 774. ஆகவே உடம்புப்பிடி கற்ற ஒருவர் தம்மை பிசியோ என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அரசாங்கம் இந்தத் தொழிலை ஒதுக்கவும் இல்லை. 2007-இல் பினாங்கு, கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கே தொடங்கிய பாரம்பரிய உடம்புப்பிடி சேவை இன்று வேறு பல மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. நம் வர்மமும் இந்த அமைப்புக்குள் இடம் பிடித்திருக்கிறது.

கடைகளில் விற்கும் எண்ணெய்ப் புட்டிகளுக்கும் சட்டம் உண்டு. 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, பக்கவாதம், புற்றுநோய், இருதய நோய் உட்பட 20 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. ‘இனிப்பு நீர் மூன்று மாதத்தில் குணம்’ என்று பதாகை கட்டிய கடையைப் பார்த்தால், அந்த ஒரு வரியே அந்தக் கடையைப் பற்றிச் சொல்லிவிடும்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2018 மார்ச் முதல் நடப்பிலுள்ள உடம்புப்பிடி நிலையச் சட்டம், உரிமம் இல்லாமல் கடை நடத்துகிறவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது. கட்டட உரிமையாளரையும் அது விட்டுவைக்கவில்லை. ஆனால் அங்கும் இங்கும் ஒன்று பொது. சோதனையால் கடையை மூடலாம், நல்ல கையை உருவாக்க முடியாது. அது பயிற்சியால்தான் வரும்.

நம் கைகளுக்கு ஒரு சான்றிதழ்

இங்கேதான் நம் சமுதாயம் கோட்டை விடுகிறது. தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களிடம் கை இருக்கிறது, தாள் இல்லை. நகரத்துக் கடைகளில் தாள் இருக்கிறது, பல இடங்களில் கை இல்லை.

தாள் இல்லாதவருக்கு வழி இல்லாமல் இல்லை. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. வகுப்பில் உட்காராமல், வேலை அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டி மதிப்பீடு பெறும் பி.பி.தி. முறையும் அங்கே உண்டு. அது தானாகச் சட்டம் 775-இன் பதிவாகிவிடாது. பதிவுக்கு எந்தத் தகுதி தேவை என்பதை மன்றத்திடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் முதல் படி அதுவாக இருக்கலாம். இந்தப் பாரங்களைப் படித்துப் பூர்த்தி செய்து கொடுக்க ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால் போதும்.

பிரிக்பீல்ட்ஸ் நமக்குத் தெரிந்த உதாரணம். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. முறையான பயிற்சி பெற்று, அந்தத் தெருக்களில் உடம்புப்பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் பார்வையற்றோர் பலர். அவர்களில் நம்மவரும் உண்டு. இது கேவலமான தொழில் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும். சோதனைச் செய்திகளால் முதலில் வாடிக்கையாளரை இழப்பதும் இந்த நேர்மையான தொழிலாளர்கள்தான்.

தொழிலாளரின் உடம்பையும் யாராவது நினைக்க வேண்டும். கட்டைவிரலாலேயே நாள் முழுதும் அழுத்துகிறவருக்குச் சில ஆண்டுகளில் விரல் மூட்டு போய்விடும். உடல் எடையைச் சாய்த்து அழுத்துவதும், கட்டிலைத் தம் உயரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்வதும் பயிற்சியின் பகுதி. சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் சட்டம் 789-இன் கீழ் சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் சந்தா கட்டலாம். தவறாக நடந்துகொள்ளும் வாடிக்கையாளரை எழுந்து போகச் சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. முதலாளி அந்த உரிமைக்குத் துணை நிற்க வேண்டும்.

போகும் முன் கேளுங்கள்

அடுத்த முறை உடம்புப்பிடிக்குப் போகும்போது, அல்லது அம்மா அப்பாவை அழைத்துப்போகும்போது, இவற்றைக் கேளுங்கள். எங்கே பயின்றீர்கள்? பதிவு அல்லது சான்றிதழ் இருக்கிறதா? இனிப்பு நீர் இருக்கிறது, இன்னின்ன மருந்து சாப்பிடுகிறார், அதற்கேற்பச் செய்வீர்களா? வலித்தால் நிறுத்துவீர்களா? இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் காலை நீட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் உங்களிடம் ஏதாவது கேட்கிறாரா? எதுவுமே கேட்காமல் எண்ணெயை ஊற்றுகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை.

பெரியம்மா யாரையும் கேட்காமல் தொட்டதில்லை. அவரைத் தொட்டவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த விரல் தப்பியிருக்கும்.