பரங்கிக்காயை ஏன் ஒதுக்குகிறோம்?

மளிகையோடு காய்கறியும் விற்கும் நம் கடைகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் சரக்கு பரங்கிக்காய்தான். சென்னை, தஞ்சைப் பக்கம் பரங்கி. மதுரைப் பக்கம் சர்க்கரைப் பூசணி. கொங்கு நாட்டில் அரசாணிக்காய். பெயர் எத்தனை இருந்தாலும் கடையில் அதற்குக் கிடைக்கும் இடம் வாசலோரம், வெயில் படும் மூலைதான். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் அதற்கு மரியாதை வரும்.

வாங்குகிறவர்கள் சொல்லும் குறை நமக்குத் தெரிந்ததே. தித்திக்கிறது, தண்ணீர் விட்டுக் குழைகிறது, பிள்ளைகள் தொடுவதில்லை என்பார்கள். இது காயின் குற்றமல்ல, வேக வைக்கும் முறையின் குற்றம் என்பதே எங்கள் அபிப்பிராயம். பரங்கியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர். அதில் இன்னும் தண்ணீர் ஊற்றி வேக வைத்தால் குழையாமல் என்ன செய்யும்? சுட்டுப் பார்க்கட்டும். தோலோடு ஒரு அங்குலக் கனத்தில் நறுக்கி, நல்லெண்ணெய் தடவி, கனமான இரும்புத் தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி வைத்துத் திருப்பிப் போட்டால், நீர் வற்றி ஓரம் சிவந்து மணம் தனியாக எழும்.

அப்படிச் சுட்டதை மிளகாய் வற்றல், உளுந்து, புளி சேர்த்து அரைத்தால் துவையல். மசித்துத் தயிரில் கலந்து கடுகு தாளித்தால் பச்சடி. அதையே வெல்லமும் ஏலக்காயும் போட்டு நெய்யில் கிளறினால் அல்வா. நீர் முன்பே வற்றியிருப்பதால் கை வலிக்கக் கிளற வேண்டியதில்லை. போளிக்குப் பூரணமாகவும் வைக்கலாம். இவற்றில் காய் ஒன்றுதான் கூடையிலிருந்து போகிறது. மற்ற எல்லாம் நம் மளிகை அலமாரியிலிருந்து போகிறது என்பதைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். சமையல் சொல்லிக் கொடுப்பதா வியாபாரியின் வேலை என்று சிலர் கேட்கலாம். ஜவுளிக் கடைக்காரர் புடவையைத் தோளில் போட்டுக் காட்டவில்லையா?

நஷ்டம் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சில்லறைக்காரர்கள் எங்களிடம் ஏழு, எட்டுக் கிலோ காயையே கேட்கிறார்கள். கிலோவுக்கு விலை சற்றுக் குறைவு என்பதால். அரிவாள் படாத வரை முற்றிய காய் இரண்டு மாதம் தாங்கும். அறுத்துவிட்டாலோ இரண்டு நாள்தான். எட்டுக் கிலோ காயை அரைக் கிலோ கீற்றாக விற்றால் பதினாறு பேர் வர வேண்டும். பத்துப் பேர் வந்தால் மீதி மூன்று கிலோ குப்பைக்கு. கொள்முதலில் மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று?

ஆகவே சிறிய காயைக் கேளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கோ 2, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா சந்தன் போன்ற ரகங்கள் இரண்டு, மூன்று கிலோவுக்குள் காய்ப்பவை. நகரத்துப் பெரிய கடைகளில் குடுவை வடிவத்தில் 'பட்டர்நட்' என்று ஒன்று வைக்கிறார்கள். அமெரிக்காவில் உருவான ரகம். நம் பரங்கிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கழுத்துப் பகுதியில் விதையே கிடையாது, முழுச் சதை. நாலு பேர் குடும்பம் முழுசாகத் தூக்கிப் போகிறது, கழிவே இல்லை. வெளிநாட்டுக் காய் என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. பரங்கியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே! ஆனால் விலை கூடுதல். எல்லாத் தெருவுக்கும் அது ஒத்து வராது. நம் சிறு பரங்கியே போதும் என்பது எங்கள் கருத்து.

காம்பு ஒடியாத காயாகப் பாருங்கள். காம்பு போன இடத்தில்தான் அழுகல் தொடங்கும். நகத்தால் குத்தினால் தோல் இறங்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், ஈரமில்லாத பலகைமேல் காற்றோட்டமாக வையுங்கள். அறுத்த காயில் விதையையும் நாரையும் உடனே வழித்து எடுத்துவிட்டால் ஒரு நாள் கூடத் தாங்கும். அந்த விதையையும் எறியாதீர்கள். கழுவிக் காயவைத்து உப்புப் போட்டு வறுத்தால் வீட்டுப் பிள்ளைகளுக்காவது ஆகும்.

ஓணத்துக்கு முன் எரிசேரிக்காகக் கேரளத்துக்குச் சரக்கு இழுக்கும்; அப்போது விலை ஏறினால் எங்களைக் கோபிக்க வேண்டாம். ஆயுத பூஜை வாரத்தில் போனில் ஆர்டர் சொல்பவர்கள் வெறுமனே 'பூசணி' என்று சொல்லாமல் 'மஞ்சள்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திருஷ்டிக்கு உடைக்கும் வெள்ளைப் பூசணி மூட்டை வந்து இறங்கும்; இறங்கிய சரக்கைத் திருப்பி ஏற்ற லாரிக்காரர் சம்மதிக்க மாட்டார்.