ஒரு வாரக் கணக்கும் ஒரு மகளின் பங்கும்

“ஒரு வாரந்தானே! கல்யாணத்திற்குப் போய் வந்தால் பிள்ளையின் படிப்பு பாழாகிவிடுமா?” நம்மவர் இல்லங்களில் இந்தப் பேச்சைக் கேளாதார் இலர். பிள்ளை பெண்ணாக இருந்துவிட்டாலோ ஒரு வாரம் பத்து நாளாகும், கேட்பாரும் இல்லை. மேற்கு மலையடிவாரத்துக் கோம்பையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களை முன்னிறுத்தி இப்பேச்சை நாம் மறுக்கிறோம். அந்த ஒரு வாரத்தில் போவது எது என்று எண்ணிப் பார்த்தவர் இவ்வாறு பேசத் துணியார்.

ஐந்தாம் வகுப்பில் பின்னம் கற்பிக்கப்படும் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். நாளொன்றுக்கு 4 மணி. ஐந்து நாளுக்கு 20 மணி. அதையும் எல்லாப் பாடங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. முழுமையைச் சமமாகப் பகுத்தால் பின்னம் என்று முதலில் பிள்ளை அறிகிறது. பிறகு, மேலிருப்பது தொகுதி, கீழிருப்பது பகுதி என்று அறிகிறது. அடுத்து, பகுதி பெருகப் பெருகப் பங்கு சிறுத்துவிடும், எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடக் குறைவு என்று உணர்கிறது. அதன்பின் சமான பின்னம். முடிவில் கூட்டலும் கழித்தலும். முதற்படியில் இல்லாத பிள்ளைக்கு மேற்படிகள் வெறும் மனப்பாடமே.

இது பள்ளிக்கணக்கு, மார்க்கத்திற்கும் இதற்கும் என்ன உறவு என்று வினவுவோர் உளர். திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயத்தில் 11, 12 ஆம் வசனங்களை அவர்கள் பொருளுணர்ந்து ஓதட்டும். பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என வாரிசுகளின் பங்குகள் அங்கே பின்னங்களாகவே விதிக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் ஒரு பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகளே. ஜகாத்தின் நாற்பதில் ஒன்றை ‘அரைமா’ என்று ஒரே சொல்லால் குறிக்கவல்லது நம் தமிழ். இத்தனை செல்வமும் கையிலிருக்க, கணக்கறியாத பெண்ணை வளர்ப்பது எந்த மார்க்கம்?

ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார் என்று கொள்வோம். கடனும் மரண சாசனமும் தீர்ந்தபின் எஞ்சியது 24 செண்டு நிலம். மனைவிக்கு அரைக்கால் பங்கு, அதாவது 3 செண்டு. மீதம் 21 செண்டில் மகனுக்கு 14, மகளுக்கு 7. ஐந்தாம் வகுப்பைச் செவ்வனே கடந்த சிறுமி கரும்பலகையில் போட்டுக் காட்டக்கூடிய கணக்கு இது. ஆனால் நடப்பது என்ன? சீர் செய்தாகிவிட்டது என்று சொல்லி, விருந்தும் வைத்து, விடுதலைப் பத்திரத்தில் தங்கையின் கையொப்பம் வாங்கப்படுகிறது.

“அவள் மனமுவந்துதானே விட்டுக்கொடுத்தாள்?” என்பர். தன் பங்கு எவ்வளவு என்று அறிந்தவள் விட்டுக்கொடுத்தால் அது கொடை. அறியாதவளிடம் வாங்கிய கையொப்பத்திற்கு என்ன பெயர் என்பதை வாங்கியவரே சொல்லட்டும். “ஆலிம் கணக்கிட்டுச் சொல்வார், கைப்பேசியும் சொல்லும்” என்பாரும் உண்டு. சொல்லும், கேட்கத் தெரிந்தவளுக்குச் சொல்லும். 1937 ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949 இல் சென்னை மாகாணம் அதனைத் திருத்தி, அந்நிலத்தையும் ஷரீஅத் முறைக்குள் கொண்டுவந்தது. வயலும் தோப்பும் சூழ்ந்த நம் பள்ளத்தாக்கில் இந்தத் திருத்தத்தின் பொருளை எத்தனை மகள்கள் அறிவார்கள்?

உத்தமபாளையத்தில் 1956 இல் எழுந்த ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை நாம் பெருமையுடன் சுட்டுகிறோம், சுட்டத்தான் வேண்டும். ஆயினும் அதன் வாசலுக்குப் போகும் வழி ஐந்தாம் வகுப்பின் ஊடாகவே செல்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. பள்ளி நாள்களில் திருமணம் வைப்பதை ஜமாஅத்துகள் தவிர்க்கட்டும். தவிர்க்க இயலாதபோது பிள்ளைகளை ஒரு நாளுக்குமேல் நிறுத்தாதிருக்கட்டும். மாலை மதரஸாவின் உஸ்தாதுகள் பாகப்பிரிவினை வசனங்களைப் பலகையில் கணக்கிட்டு விளக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். நம் தாய்மார்கள் அங்கே சென்று அமர்ந்து, இந்த வாரம் என் மகள் எதைக் கற்றாள் என்று கேட்கட்டும். அத்தாமார்களோ, வெள்ளிக்கிழமை மாலை மகளை அருகழைத்து, “24 செண்டில் உன் பங்கு எத்தனையம்மா?” என்று வினவட்டும். அவள் தயங்காமல் விடை சொல்லும் நாளில்தான் அவளுக்குரியதைக் கொடுக்க நாமும் ஆயத்தமாவோம், இன்ஷா அல்லாஹ்.