விட்டதைப் பிடிக்கும் ஆட்டம்

கடைசி இரண்டு ஓவரில் 40 ரன் வேண்டும். களத்தில் நிற்பவர் ஒன்பதாவது ஆளாக இறங்கிய பந்துவீச்சாளர். வருகிற பந்தையெல்லாம் தூக்கி அடிக்கப் பார்க்கிறார், மூன்றாவது பந்தில் எல்லைக்கோட்டருகே கேட்ச் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரை யாரும் திட்டுவதில்லை. திட்ட அதில் ஒன்றுமில்லை. தட்டித் தட்டி ஆடி 25 ரன்னில் தோற்பதும், அடித்துப் பார்த்து 38 ரன்னில் தோற்பதும் ஒரே தோல்விதான் (நெட் ரன் ரேட் கழுத்தைப் பிடிக்கும் சில லீக் ஆட்டங்கள் விதிவிலக்கு). ஹாக்கியில் ஒரு கோல் பின்தங்கிய அணி, கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு இன்னொரு ஆட்டக்காரரை இறக்குவதும் இதே கணக்கில்தான். காலியாகக் கிடக்கும் கோல் கம்பத்துக்குள் இன்னும் இரண்டு கோல் விழுந்தாலும் புதிதாகப் போவது எதுவுமில்லை. பின்தங்கியவர் துணிச்சலைக் கூட்டிக்கொள்வது விளையாட்டில் தெளிந்த புத்தி. அதே புத்தியோடு பணத்தை அணுகினால் குடி முழுகிவிடும். நம் நாட்டில் இப்போது நடப்பது அதுதான்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் வணிகம் பற்றி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தத்தில் 1.8 லட்சம் கோடிக்கும் அதிகம். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர் நூற்றுக்கு ஒருவர்தான். அடுத்த ஆண்டாவது நிலைமை தேறியதா என்றால், இல்லை. 2023-24இல் 74,812 கோடியாக இருந்த தனிநபர்களின் நிகர இழப்பு 2024-25இல் 1,05,603 கோடியாக ஏறியது. இந்த எண்களைவிட என்னை உறுத்துவது வேறொன்று. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல், அதற்குப் பிறகும் வணிகத்தை நிறுத்தவில்லை. இந்தச் சந்தையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவாகக் காட்டியவர்கள் என்பதையும், 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆக உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் விஷயத்தின் கனம் புரியும். தோற்கிறோம் என்று தெரியாமல் இவர்கள் ஆடவில்லை. தோற்றதால்தான் ஆடுகிறார்கள்.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, லாபத்தின் பக்கம் நிற்கும்போது மனிதர்கள் பயந்தவர்களாகவும், நஷ்டத்தின் பக்கம் நிற்கும்போது சூதாடிகளாகவும் மாறுகிறார்கள் என்று காட்டியது. கையிலிருக்கும் பங்கு கொஞ்சம் ஏறினால் விற்றுவிடத் துடிக்கும் அதே கை, இறங்கிய பங்கை விற்க மறுக்கிறது. இன்னும் இரண்டு லாட் வாங்கி ‘ஆவரேஜ்’ செய்கிறது. அந்த ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே சீட்டாட்ட மேசையில் தமிழன் இதற்குப் பெயர் வைத்துவிட்டான்: விட்டதைப் பிடிப்பது. விளையாட்டில் இந்த உந்துதல் பிழையாவதில்லை, ஏனென்றால் அங்கே நஷ்டத்துக்குத் தளம் உண்டு. எவ்வளவு கேவலமாகத் தோற்றாலும் அடுத்த ஆட்டத்தில் ஸ்கோர் பலகை பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். வங்கிக் கணக்கு அப்படியில்லை. நேற்று எங்கே விட்டீர்களோ அங்கிருந்துதான் அது இன்று தொடங்கும்.

இந்த வேறுபாடு சொல்லலங்காரம் அல்ல, கணக்கு. ஒரு லட்சத்தில் பாதி போனால் மீதி 50,000. பழைய இடத்துக்கு வர 50 சதவீத லாபம் போதாது, 100 சதவீதம் வேண்டும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம். தலை விழுந்தால் வைத்த பணத்துக்கு 50 சதவீத லாபம், பூ விழுந்தால் 40 சதவீத நஷ்டம். சராசரியில் பார்த்தால் சுண்டுபவருக்கே சாதகமான ஆட்டம்; வேண்டாம் என்று சொல்ல முகாந்திரமே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கையிலிருப்பது அனைத்தையும் வைப்பவருக்கு, 20 சுண்டலில் 10 தலையும் 10 பூவும் விழுந்தால், ஒரு லட்சம் சுமார் 35,000 ஆகச் சுருங்கியிருக்கும். அதே நாணயம், அதே 10 தலை, 10 பூ. ஒவ்வொரு முறையும் கையிருப்பில் கால் பங்கை மட்டும் வைத்தவரிடம் 1,13,000 ரூபாய் இருக்கும். இருவரின் கணிப்பிலும் வித்தியாசமில்லை, அதிர்ஷ்டத்திலும் இல்லை. எவ்வளவு வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி, எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு 1956இலேயே ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். நம் தொலைக்காட்சிகளும் யூடியூப் நிபுணர்களும் காலை முதல் மாலை வரை பேசுவதோ எதை வாங்கலாம், எப்போது வாங்கலாம் என்பதைப் பற்றி மட்டும். கிரிக்கெட்டில் பந்தயத்தின் அளவை விதிகளே தீர்மானித்துவிடுகின்றன. ஒரு கேப்டன் நினைத்தாலும் ஓர் ஆட்டத்துக்கு மேல் இழக்க முடியாது. சந்தையில் அந்த அளவை நாமேதான் வரைந்துகொள்ள வேண்டும்.

வரைந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பேரிங்ஸ் வங்கியே சாட்சி. 1762இல் லண்டனில் தொடங்கிய வங்கி அது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் வணிகம் செய்த நிக் லீசன், நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் ஒளித்துவைத்து, அவற்றை ஈடுகட்ட ஜப்பானின் நிக்கேய் குறியீட்டில் ஆப்ஷன்களை விற்றுக்கொண்டிருந்தார். சந்தை அசையாமல் இருக்கும்வரை விற்ற விலையான பிரீமியம் சிறுகச் சிறுகச் சேரும். பெரிதாக அசைந்தால் மூட்டையோடு போய்விடும். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைப் பூகம்பம் தாக்கியது, குறியீடு சரிந்தது. லீசன் நிறுத்தவில்லை, சந்தை திரும்பிவிடும் என்று மேலும் மேலும் வாங்கிக் குவித்தார். முடிவில் 82 கோடிப் பவுண்டுக்கு மேல் நஷ்டம், வங்கியின் மூலதனத்தையே விழுங்கிய தொகை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற வங்கியை டச்சு நிறுவனமான ஐஎன்ஜி ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. முதலுக்கே மோசம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

லீசன் ஏமாற்றுக்காரர், ஒழுங்காகக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது நேராது என்று ஒருவர் சொல்லலாம். நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் நிதியத்தின் பங்காளிகளில் ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும் இருந்தார்கள். ஆப்ஷன்களின் விலையைக் கணக்கிடும் முறைக்காக 1997இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். மறு ஆண்டே அந்த நிதியம் கவிழ்ந்தது. காரணம் முட்டாள்தனமான கணிப்பு அல்ல. சொந்த முதலைப்போல் சுமார் 25 மடங்கு கடன் வாங்கி அந்தக் கணிப்பின் மேல் வைத்திருந்தார்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்ததும் சந்தை தாறுமாறானது. நிலைமை சீராகும்வரை காத்திருக்க அவர்களிடம் முதல் மிஞ்சவில்லை. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலரைப் போட்டு அதைத் தூக்கி நிறுத்தின. போட்ட பணத்தை மீட்டுக்கொண்டு 2000இல் கடையைக் கட்டின. கணிப்பு சரியாகத்தான் இருந்தது என்று பின்னால் நிரூபணமாவது, நடுவழியில் திவாலானவருக்கு என்ன ஆறுதல்?

ஆனாலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே என்ற பேச்சு ஓயாது. இங்கே விளையாட்டு நமக்கு இரண்டாவது தீங்கைச் செய்கிறது: முடிவை வைத்து முடிவெடுத்தவரை எடைபோடப் பழக்கிவிட்டது. 2007 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கடைசி ஓவரை தோனி ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். வைடு ஒன்றும் சிக்ஸர் ஒன்றும் போன பிறகு நான்கு பந்தில் ஆறு ரன் என்றாகிவிட்டது. பாகிஸ்தானின் மிஸ்பா பின்பக்கமாகத் தூக்கிவிட்ட பந்து ஸ்ரீசாந்தின் கையில் விழுந்தது, தோனி மேதையானார். அந்தப் பந்து பத்து கெஜம் தள்ளி விழுந்திருந்தால் இதே முடிவைக் கிறுக்குத்தனம் என்று எழுதியிருப்போம். 2016 இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவில் கடைசி ஓவரில் 19 ரன்னைக் காக்க இங்கிலாந்து கேப்டன் மோர்கன் பென் ஸ்டோக்ஸை அழைத்தார். அந்தத் தொடரில் கடைசி ஓவர்களை நன்றாக வீசியவர் அவர். வேறு யாராயிருந்தாலும் அவரைத்தான் அழைத்திருப்பார்கள். வெஸ்ட் இண்டீஸின் பிராத்வெயிட் நான்கு பந்தில் நான்கு சிக்ஸர் அடித்தார். மோர்கனின் முடிவு அதனால் தவறாகிவிடாது. ஆப்ஷனில் ஒரே நாளில் பத்து மடங்கு பார்த்தவரின் ஸ்கிரீன்ஷாட்டை நம்புகிறவர்கள், பந்து ஸ்ரீசாந்தின் கைக்குப் போன ஆட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

துணியாதவர் எங்கே முன்னேறுவது என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அதில் பாதி உண்மை இருக்கிறது. எல்லாப் பணத்தையும் சேமிப்புக் கணக்கில் போட்டுவைப்பவரை விலைவாசி ஓசையில்லாமல் தின்கிறது. பாதுகாப்பு என்று தோன்றுவதெல்லாம் பாதுகாப்பு அல்ல. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. ஆட்டம் டிரா ஆனால் மறுநாள் டை-பிரேக்கர். விரைவு ஆட்டத்தில் டிங்குக்கே கை ஓங்கும் என்பது பரவலான கருத்து. வெள்ளைக் காய்கள் இருந்தும் டிங் காய்களை மாற்றி மாற்றிக் குறைத்து, ஒரு சிப்பாய் குறைவான ஆனால் டிரா ஆகக்கூடிய நிலைக்குத் தானே இறங்கினார். குகேஷுக்கு அந்த நிலையில் தோற்கும் ஆபத்து அறவே இல்லை. கிடைத்தால் உலகப் பட்டம். எனவே அவர் கைகுலுக்காமல் ஆடிக்கொண்டே இருந்தார். டிங்குக்கு நிலைமை நேரெதிர்: சரியாக ஆடினால் அரைப் புள்ளி, ஒரு முறை சறுக்கினால் பட்டமே போச்சு. 55ஆவது நகர்த்தலில் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்து டிங் சறுக்கினார். மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. 18 வயதுப் பையனின் துணிச்சல் என்று நாம் கொண்டாடினோம். துணிச்சலைவிட அதில் கணக்கு அதிகம். இழப்பு சிறிதாகவும் பலன் பெரிதாகவும் உள்ள இடத்தில் எத்தனை மணி நேரமானாலும் உட்கார்ந்திருக்கலாம். ஆப்ஷன் வாங்குபவரும் அதைத்தானே செய்கிறார், பிரீமியம் மட்டும்தானே போகும் என்று கேட்கலாம். ஒரு முறை வாங்கினால் சரி. வாரா வாரம், ஒப்பந்தம் காலாவதியாகும் எக்ஸ்பைரிக்கு எக்ஸ்பைரி, அந்தச் சின்னத் தொகையை இழந்துகொண்டே இருப்பவர் இழப்பது சின்னத் தொகை அல்ல.

விளையாட்டிலும் முதல் என்று ஒன்று உண்டு, அது உடம்பு. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தார். கடைசி டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் முதுகு வலியால் பந்தையே தொட முடியவில்லை, அடுத்து வந்த சாம்பியன்ஸ் கோப்பையிலும் இல்லை. அதனால் 2025 கோடையில் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் மூன்றில் மட்டுமே ஆடுவார் என்று அணி முன்கூட்டியே முடிவுசெய்தது. அதற்குக் கிடைத்த வசை கொஞ்சமல்ல. அவர் ஆடாத இரண்டு டெஸ்டிலும் இந்தியா வென்றதும், அவர் எதற்கு என்று கேட்கவும் ஆள் வந்துவிட்டார்கள். முடிவை வைத்து எடைபோடும் நோய்தான். அந்த இரண்டிலும் தோற்றிருந்தாலும் முதலைக் காத்த முடிவு சரியான முடிவாகவே இருந்திருக்கும்.

ஆன்லைன் பணச் சூதாட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்ததுபோல எஃப் அண்ட் ஓ வணிகத்தையும் தடை செய்துவிடலாமே என்ற குரல் எழுகிறது. எனக்கு உடன்பாடில்லை. மூன்று மாதம் கழித்து வரவேண்டிய டாலருக்கு இன்றே விலையை உறுதிசெய்துகொள்ளும் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு முன்பேரச் சந்தை காப்பீடு. அவர் ஆபத்தைக் குறைத்துக்கொள்ள வருகிறார். செபி ஒப்பந்த அளவை 15 லட்சமாக உயர்த்தியதும், வாராந்திர எக்ஸ்பைரியைச் சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கியதும் சரியான திசைதான். ஆனால் செயலிக்குள் நுழையும்போது பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற எச்சரிக்கை 2023 முதல் கண்ணில் படுகிறது. படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள், தாம் அந்தப் பத்தாவது ஆள் என்ற நினைப்பில். அந்த வரிக்குப் பதிலாக, கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து கட்டணம், வரி எல்லாம் சேர்த்து அவரவர் இதுவரை விட்டது எவ்வளவு என்ற ஒரே எண்ணை, முதல் ஆர்டர் போடும் முன் பெரிய எழுத்தில் காட்டச் சொல்லி செபி உத்தரவிட வேண்டும். தரகு நிறுவனங்களிடம் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.