பல்ப்பின் விலையும் வெளிச்சத்தின் விலையும்

மின்சாமான் கடை வைத்திருப்பவனுக்கு மஃரிபை அண்டிய நேரம்தான் பல்ப் வியாபாரம். இருட்டும் வேளையில் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, எரியாத பல்ப்பைக் கழற்றி, பழைய பத்திரிகைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். "இதைப்போல ஒன்று தாங்க" என்பார்கள். எந்த அறைக்கு, எவ்வளவு காலம் எரிந்தது என்று நாம் கேட்பதுமில்லை, அவர்கள் சொல்வதுமில்லை. அடுத்து வருவது ஒரே கேள்விதான்: "ஆகக் குறைஞ்சது எவ்வளவு?"

மாவனல்லையில் கடை நடத்தி வரும் நானும் நீண்ட காலமாக அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி வந்தவன்தான். சில வருடங்களுக்கு முன்னர் நடந்த ஒரு சம்பவம்தான் என்னை யோசிக்க வைத்தது.

எங்கள் ஊரில் இரவிலே தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு மாமி இருக்கிறார். எட்டு மாதத்துக்குள் மூன்றாவது தடவையாக எரிந்துபோன எல்.ஈ.டி. பல்ப்பை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு வந்தார். மூன்றும் என்னிடம் வாங்கியவை. பெட்டியில் இரண்டு வருட வொரண்டி என்று அச்சடித்திருந்தது. புறக்கோட்டையில் அந்தச் சாமானை எனக்குத் தந்த மொத்த வியாபாரியிடம் தொலைபேசியில் கேட்டேன். "பெட்டியில் எழுதியவன் நானில்லையே" என்றார். அதே பதிலை நான் மாமிக்குச் சொல்லலாம். ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை. "மகன், இனி மலிஞ்ச பல்ப் வாங்க எனக்கு வசதியில்ல. நல்லதொன்று இருந்தாத் தாங்க. காசை ரெண்டு தரமாத் தாறன்" என்றார்.

அன்றிரவு கடையைப் பூட்ட முன்னர் கணக்குப் பார்த்தேன். நல்ல பல்ப்பின் விலை, நான் அவருக்கு விற்றதைப் போல இரண்டரை மடங்கு. அவரோ அதற்குள் மூன்று வாங்கிவிட்டார். மூன்று தடவை ஓட்டோவுக்குக் கொடுத்த காசும், தைக்க முடியாமற்போன இரவுகளும் வேறு. மலிவானது என்று நான் விற்றது அவருக்கு மலிவாக அமையவில்லை. லாபம் கண்டவன் நான் மட்டுமே.

நாம் வாங்குவது எதனை?

கடைக்கு வருபவர் பல்ப் வாங்குவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் வாங்குவது வெளிச்சத்தை. அந்த வெளிச்சத்தின் விலையை இரண்டு இடங்களில் செலுத்துகிறார். கடையில் ஒரு முறை, மின்கட்டணப் பட்டியலில் மாதாமாதம்.

பழைய இழை பல்ப் உறிஞ்சும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே போய்விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 இலிருந்து அதனைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து விலக்கியது இதனால்தான். அதன் இடத்துக்கு முதலில் சீ.எப்.எல். வந்தது. பின்னர் எல்.ஈ.டி. வந்தது. வீட்டுக்கு வெள்ளை வெளிச்சம் தரக்கூடிய எல்.ஈ.டி.க்கு வழி திறந்தது நீல நிற எல்.ஈ.டி.யின் கண்டுபிடிப்பு. அதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கணக்கு மிக இலகுவானது. 60 வொட் இழை பல்ப் ஒன்று நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 யுனிட். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 14 வொட் சீ.எப்.எல்.லுக்கு 2.1 யுனிட். 9 வொட் எல்.ஈ.டி.க்கு 1.35 யுனிட். சோக்குடன் கூடிய பழைய நாலடி டியூப் லைட், சோக்கையும் சேர்த்து 45 வொட் அளவில் எடுக்கும். அது மாதத்துக்கு 6.75 யுனிட். 18 வொட் எல்.ஈ.டி. டியூப்புக்கு 2.7 யுனிட் போதும்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தபோது எமது வீடுகளில் ஏற்பட்ட அதிர்ச்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் கட்டணம் குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது என்பதைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும். 2023 இன் கட்டண முறையில் மாதம் 60 யுனிட்டுக்குள் நின்ற வீட்டுக்கு ஒரு கணக்கு. அதைத் தாண்டிய வீட்டுக்கு முதல் யுனிட்டிலிருந்தே வேறு கணக்கு. ஆகவே 65 யுனிட் எரிக்கும் வீட்டில் ஒரு பழைய பல்ப்பை மாற்றுவது ஏழெட்டு யுனிட்டின் காசை மட்டும் மிச்சப்படுத்துவதல்ல. முழுப் பட்டியலையும் கீழிறக்கக் கூடியது. உங்கள் பட்டியலை எடுத்து, எந்தப் படியின் ஓரத்தில் நிற்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

பெட்டியில் எதைப் பார்ப்பது?

வொட் என்பது பல்ப் எடுக்கும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 60 வொட் பல்ப் தந்தது ஏறக்குறைய 700 முதல் 800 லூமன். நல்ல 9 வொட் எல்.ஈ.டி. ஒன்று 800 லூமனுக்குக் குறையாமல் தர வேண்டும். பெட்டியில் வொட்டைப் பெரிதாக அடித்து, லூமனை எங்கேயும் காட்டாத பல்ப் என்றால் வாங்க யோசியுங்கள். "9 வொட்" என்று அடித்த இரண்டு வகைப் பல்ப்களைக் கடைப் பலகையில் அருகருகே எரியவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்படிக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது ஆயுள். 15,000 மணித்தியாலம் என்று பெட்டியில் இருக்கும். நாளுக்கு 5 மணித்தியாலம் என்றால் அது எட்டு வருடத்துக்கும் மேல். ஆனால் அதே பெட்டி தரும் வொரண்டி ஒரு வருடமோ இரண்டு வருடமோதான். மணித்தியாலக் கணக்கைப் பார்த்து மயங்காமல், வொரண்டியைக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். எல்.ஈ.டி. பல்ப்பில் பெரும்பாலும் முதலில் பழுதாவது ஒளி தரும் பகுதியல்ல. அடியில் உள்ள சிறிய மின்சுற்றுத்தான். அதன் எதிரி சூடு. மலிவான பல்ப்பில் கைவைப்பது பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும் பாகத்திலும் அந்தச் சுற்றிலும்தான். முற்றாக மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் எல்.ஈ.டி.யைப் போட்டால் நல்ல பல்ப்பும் சீக்கிரம் போய்விடும். அப்படியான இடத்துக்கு, மூடிய கூட்டுக்கு உகந்தது என்று குறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். அல்லது குறைந்த வொட் பல்ப்பைப் போடுங்கள்.

மூன்றாவது நிறம். 6500 கெல்வின் என்றால் பளிச்சென்ற வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் பழைய பல்ப்பின் மஞ்சள். எமது மக்கள் வீடு முழுவதும் வெள்ளையையே கேட்கிறார்கள். சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் தையல் இயந்திரத்துக்கும் வெள்ளை நல்லது. படுக்கையறைக்கு மஞ்சள் கண்ணுக்கு இதம். வயதான வாப்பா, உம்மா இருக்கும் வீட்டில் படிக்கட்டிலும் குளியலறை வழியிலும் வெளிச்சத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வரும் செலவின் முன்னால் பல்ப்பின் விலை ஒரு பொருட்டல்ல.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே இடத்தில் அடிக்கடி பல்ப் போகிறதென்றால் பல்ப்பை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். பின் டைப் ஹோல்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உள்ளே கருகியிருக்கலாம். ஹோல்டரின் விலை அற்பம். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு அதை மாற்றிவிடுங்கள்.

சுவிட்சை நிறுத்திய பின்னரும் எல்.ஈ.டி. மங்கலாக மினுங்கும் வீடுகள் உண்டு. "பல்ப் கெட்டுவிட்டது" என்று திருப்பிக் கொண்டு வருவார்கள். சிவப்பு விளக்கு வைத்த சுவிட்சாக இருந்தால் அதனாலும் இப்படி நடக்கலாம். ஆனால் சில பழைய வீடுகளில் காரணம் வேறு. சுவிட்ச், மின்சாரம் வரும் கம்பியில் அல்லாமல் நியூட்ரல் கம்பியில் பொருத்தப்பட்டிருக்கும். அப்படியென்றால் சுவிட்சை நிறுத்தினாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்! எனவே பல்ப் மாற்றும்போது மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள். ஈரக்கையுடன், ஈர நிலத்தில் நின்று தொட வேண்டாம். பிள்ளைகளைக் கதிரையில் ஏற்றி மாற்றச் சொல்வதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சீ.எப்.எல். எரியும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அதனுள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் அறையை விட்டு வெளியேறி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, தடித்த கடதாசியால் துண்டுகளைச் சேகரித்துப் பையொன்றில் இறுகக் கட்டுங்கள். வெறுங்கையால் பொறுக்க வேண்டாம்.

வியாபாரிகளாகிய எமக்கு

பல்ப் வியாபாரத்தின் சரித்திரத்தில் வியாபாரிகள் வெட்கப்பட வேண்டிய ஓர் அத்தியாயம் உண்டு. 1924 இல் உலகின் பெரும் பல்ப் கம்பனிகள் ஜெனீவாவில் ஒன்றுகூடி 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. ஒஸ்ராம், பிலிப்ஸ் போன்றவை அதில் அங்கம் வகித்தன. பல்ப்பின் ஆயுளை 1000 மணித்தியாலமாக வைத்துக்கொள்வது என்று அவை உடன்பட்டன. அதைவிட நீண்ட காலம் எரியும் பல்ப்பைத் தயாரித்த அங்கத்தவருக்கு அபராதம்! ஆயுளைக் கூட்டினால் இழை பல்ப்பின் வெளிச்சம் மங்கும் என்று அவர்கள் நியாயம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனால் நன்றாக எரிந்ததற்காகவே ஒருவருக்கு அபராதம் விதித்தார்கள் என்றால், அவர்களின் கவனம் பாவனையாளரின் வெளிச்சத்தின் மீது இருந்ததா, கல்லாப்பெட்டியின் மீது இருந்ததா? இரண்டாம் உலகப் போர் வந்து அந்தக் கூட்டு சிதறியது.

நாமொன்றும் கூட்டமைப்பு வைத்துக்கொள்ளவில்லைதான். ஆனால் சீக்கிரம் போய்விடும் என்று தெரிந்தும் சொல்லாமல் விற்றால், அதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறோம். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவது எம்மீது வைத்த நம்பிக்கையினாலா, எமது சாமானின் பழுதினாலா என்று ஒவ்வொருவரும் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"மலிவான சாமான் வைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே" என்று சக வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மலிவானதை வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களஞ்சிய அறைக்கும், வருடத்தில் நாலு நாள் எரியும் இடத்துக்கும் அது போதும். ஆனால் இரண்டையும் மேசையில் வைத்து, எதற்கு எது என்று சொல்லி விற்போம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. சட்டத்துக்குப் பயந்துதான் உண்மை பேச வேண்டும் என்ற நிலைக்கு நாம் போகத் தேவையில்லை.

மாமி வந்துபோன நாளிலிருந்து என் கடையில் மூன்று விடயங்களைக் கடைப்பிடிக்கிறேன். எரித்துக் காட்டாமல் பல்ப் கொடுப்பதில்லை. அழியாத பேனாவால் பல்ப்பின் கழுத்தில் விற்ற திகதியையும் கடையின் அடையாளத்தையும் எழுதிக் கொடுக்கிறேன். வொரண்டிக் காலத்துக்குள் போனால், மொத்த வியாபாரி ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நான் மாற்றிக் கொடுக்கிறேன். உண்மையைச் சொல்வதானால் முதல் வருடம் இது எனது லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றது. அதற்குப் பிறகு, வொரண்டியைத் தன் பில்லில் எழுதிக் கையொப்பம் வைக்காத மொத்த வியாபாரியிடம் வாங்குவதை நிறுத்தினேன். இப்போது மாற்றிக் கொடுப்பது குறைந்துவிட்டது. புதிதாக வீடு கட்டுபவர்கள் வயரிங் சாமானுக்கும் என்னிடமே வருகிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். றமழானுக்கு முன்னர் நல்லுள்ளம் கொண்டவர்கள் பெட்டி பெட்டியாகப் பல்ப் அன்பளிப்புச் செய்கிறார்கள். ஐம்பது மலிவான பல்ப்களை விட இருபது நல்ல பல்ப்களே பள்ளிக்குப் பிரயோசனமானவை. அன்பளிப்பவரிடம் அதைச் சொல்வதில் தவறில்லை. அப்படியே, யாருமில்லாத மாடியில் விடியும்வரை எரியும் விளக்குகளை நிறுத்தவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

வாசகர்களே, வீட்டிலுள்ள எல்லாப் பல்ப்களையும் நாளைக்கே கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதிக நேரம் எரியும் இரண்டு இடங்களைத் தெரிவுசெய்து, அங்கிருந்து ஆரம்பியுங்கள். புதிய பல்ப்பைப் பூட்ட முன்னர் திகதியை அதன் கழுத்தில் எழுதுங்கள். பெட்டியையும் பில்லையும் ஓர் இலாச்சியில் போட்டு வையுங்கள். அது காலத்துக்கு முன்னர் போனால், வெட்கப்படாமல் கடைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தத் திகதி உங்கள் கையில் இருந்தால், "பெட்டியில் எழுதியவன் நானில்லையே" என்று சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வராது.