தூண்களுக்கு நடுவே ஒரு சொத்து

மும்பையில் புது பிளாட்டுக்கு விலை பேசும்போது பில்டரின் ஆள் அதைக் கடைசியில்தான் எடுப்பார். சமையலறை கிரானைட், இரண்டு லிஃப்ட், பால்கனியிலிருந்து கண்ணில்படும் கடல் துண்டு எல்லாம் பேசி முடித்த பிறகு, “பார்க்கிங் தனி” என்பார். தொகை சில லட்சங்கள். வீட்டுக் கடனுக்காக வங்கிப் படி ஏறி இறங்கிக் களைத்தவர் அதையும் கொடுத்துவிடுகிறார். பதிலுக்குக் கிடைப்பது ஓர் எண்ணும் கையெழுத்தும் உள்ள கடிதம். ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

இப்படி விற்கும் உரிமை பில்டருக்கு உண்டா என்ற கேள்வி தஹிசரிலிருந்து டெல்லி வரை போனது. பாஞ்சாலி என்ற கூட்டுறவு வீட்டு வசதி சங்கத்துக்கும் கட்டடத்தைக் கட்டிய நஹல்சந்த் லாலுசந்த் நிறுவனத்துக்கும் தகராறு. தரைத்தளத் தூண்களுக்கு இடையே, ஸ்டில்ட் எனப்படும் பகுதியில், 25 கார்கள் நிறுத்தும் இடம். விற்றது பிளாட்டுகளை மட்டுமே, இந்த இடங்கள் தனக்கே சொந்தம் என்றது நிறுவனம். பிளாட் வாங்கியவர்களிடம் அப்படி எழுதியும் வாங்கியிருந்தது. சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வழக்கைத் தள்ளின. 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மகாராஷ்டிரத்தின் 1963-ம் வருடச் சட்டப்படி ஸ்டில்ட் இடம் ‘பிளாட்’டும் அல்ல, ‘கராஜ்’உம் அல்ல, அது எல்லோருக்குமான பொதுப் பகுதி என்றது நீதிபதி ஆர்.எம். லோதா எழுதிய தீர்ப்பு. பொதுப் பகுதிக்கான செலவை பிளாட்டின் பரப்புக்கு ஏற்ப விலையில் சேர்க்கலாம். தனியே கூறுபோட்டு விற்க முடியாது.

பில்டர்கள் அசரவில்லை. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கம் சுவரும் வேண்டும் என்றது. ஸ்டில்ட்டுக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. இந்தச் சந்தில்தான் வியாபாரம் நடக்கிறது. மகாராஷ்டிர ரேரா ஆணையம் 2021 ஜூலையில் ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது: வானம் பார்த்த இடத்துக்குக் காசு வாங்கக் கூடாது, கூரையுள்ள இடத்துக்கு வாங்கலாம், ஆனால் அதன் வகை, அளவு, இருப்பிடம் எல்லாம் விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வரைபடமும் இணைக்கப்பட வேண்டும்.

அதோடும் தீரவில்லை. காரை உள்ளே விட்டால் கதவு திறக்க முடியவில்லை, உத்தரம் இடிக்கிறது என்று புகார்கள். 2024 ஏப்ரலில் ஆணையம் நீளம், அகலம், உயரத்தோடு உத்தரம் எங்கே வருகிறது என்பதையும் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதச் சொல்லிவிட்டது. கார் வாங்குபவர்கூட இவ்வளவு அளவெடுப்பதில்லை.

பழைய பிளாட் வாங்குவோரின் பாடு வேறு. “பார்க்கிங்கோடு” என்று புரோக்கர் சொல்வதை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பார்கள். குடிவந்த பிறகு சொசைட்டியின் செயலாளர் பதிவேட்டைப் புரட்டி, அந்த இடம் முந்தைய உறுப்பினருக்கு ஒதுக்கப்பட்டதே தவிர அவர் விற்கக்கூடியது அல்ல என்பார். மகாராஷ்டிரத்தின் மாதிரித் துணைவிதிகளும் அவர் பக்கம்தான். ஒதுக்கிய இடத்தை உறுப்பினர் கைமாற்ற முடியாது; இடம் போதாவிட்டால் குலுக்கல் வரை போகும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த இடம் எந்தத் தீர்மானத்தின்படி விற்பவருக்கு வந்தது, தனக்குத் தொடருமா என்று சொசைட்டியிடம் எழுத்தில் கேட்பது நல்லது. வாய்வார்த்தையாகச் சொல்லும் செயலாளர் அடுத்த தேர்தலில் இல்லாமல் போகலாம்.

ரேரா நாடு முழுவதற்கும் பொது என்றாலும் அடுக்குமாடி உரிமைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கர்நாடகத்தில் 1972-ம் வருடச் சட்டம், தமிழ்நாட்டில் 2022-ம் வருடச் சட்டம். தஹிசர் தீர்ப்பை அப்படியே பெங்களூருக்குக் கொண்டுபோக முடியாது. எந்த ஊரானாலும் மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் கார் நிறுத்தக் காட்டியுள்ள கட்டங்களை எண்ணிப் பார்க்கலாம். 40 கட்டங்கள் இருக்கும் கட்டடத்தில் தனக்கு 43-ம் எண் ஒதுக்கியிருக்கிறது என்று தெரியவந்தால், கேட்க வேண்டிய அடுத்த கேள்வி பிளாட்டைப் பற்றியதாகவே இருக்கும்.