சேர்ந்து வாழ்வது யார் பொறுப்பு?

ஜெருசலேமுக்கும் டெல் அவீவுக்கும் இடையே, லாத்ரூன் மடத்துக்குரிய நிலத்தில் உருவான சிற்றூர் அது. யூதர்கள் அதை நெவே ஷாலோம் என்கிறார்கள். அரபியர் வாஹத் அல்-சலாம் என்கிறார்கள். டொமினிக்கன் துறவி புரூனோ ஹுசாரின் முயற்சியால் உருவான இவ்வூரில் 1970களின் பிற்பகுதியில் முதல் குடும்பங்கள் குடியேறின. யூதர்களும் இஸ்ரேலியக் குடியுரிமை உள்ள பாலஸ்தீனர்களும் சரிபாதியாக வாழ வேண்டும் என்பது ஊரார் தாமே ஏற்றுக்கொண்ட நெறி.

இஸ்ரேலில் யூதக் குழந்தைகளும் அரபுக் குழந்தைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். இவ்வூரின் இருமொழிப் பள்ளியோ 1984 முதல் அவர்களை ஒரே வகுப்பில் அமர்த்துகிறது. இஸ்ரேல் உருவான நாள் ஒரு தரப்புக்குச் சுதந்திர நாள். மறு தரப்புக்கு, ஊரையும் வீட்டையும் இழந்த நக்பாவின் நினைவு. இரண்டையும் குழந்தைகள் அறிய வேண்டும் என்பதில் பள்ளி பின்வாங்கவில்லை.

இங்கே சச்சரவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1997இல் லெபனானுக்குப் புறப்பட்ட இரண்டு ராணுவ ஹெலிகாப்டர்கள் மோதி 73 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் இவ்வூரில் வளர்ந்த யூத இளைஞர். அவருக்கு நினைவுச் சின்னம் வைக்கலாமா என்ற கேள்வி ஊரை உலுக்கியது. தங்கள் மக்களை ஒடுக்கும் படையின் வீரருக்குப் பொது இடத்தில் மரியாதை செய்வதா என்று பாலஸ்தீனர் பலர் வேதனையோடு கேட்டனர். பிள்ளையை இழந்த குடும்பத்தின் துயரமோ அண்டை வீட்டுத் துயரம். நெடிய விவாதத்துக்குப் பிறகு, கூடைப்பந்து மைதானத்தில் ஒரு சிறு நினைவுப் பலகை இடம்பெற்றது. எல்லோர் மனக்காயமும் அதனால் ஆறிவிடவில்லை. ஆனாலும் இரு தரப்பும் சேர்ந்து ஊரை நடத்துகின்றன.

நாம் மதிக்க வேண்டியது இந்த உறுதியைத்தான். கருத்து ஒன்றாவதற்காகக் காத்திராமல், பள்ளியையும் ஊராட்சியையும் சேர்ந்து நடத்துவதே கூட்டுப் பொறுப்பு.

அந்தப் பொறுப்பைச் சில குடும்பங்களின் தோளில் மட்டும் ஏற்றிவிட முடியாது. இஸ்ரேல் மக்களில் ஐந்தில் ஒருவர் அரபியர். அப்படியிருந்தும் 2018ஆம் ஆண்டின் தேசிய அரசுச் சட்டம் அரபியை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கியது. லோத், ஆக்கோ போன்ற கலப்பு நகரங்களில் 2021 மே மாதம் அண்டை வீட்டாரே மோதிக்கொண்டனர். சட்டத்தில் சமநிலை தர வேண்டியது அரசின் கடமை. பெரும்பான்மையினர் அதைக் கேட்டுப் பெற்றுத்தர வேண்டும். இரு தரப்புப் பெற்றோரும் பிள்ளைகளைச் சேர்ந்து படிக்க அனுப்பத் துணிய வேண்டும். ஒருவர் தொடங்கட்டும் என்று மற்றவர் காத்திருந்தால், எவருமே தொடங்கப் போவதில்லை.