கீழ் வால்வைத் திறந்தாச்சா?

போன வாரம் எங்கள் வீட்டுக் குக்கரில் சேஃப்டி வால்வு போய்விட்டது. வெயிட் உட்காரும் துவாரத்தில் பருப்புத் தோல் அடைத்து, தண்ணீரும் வற்றி, புஸ்ஸென்று ஒரு சத்தம். அடுப்படிச் சுவரெல்லாம் மஞ்சள். என் மனைவி குக்கரைத் திட்டிக்கொண்டே சுவரைத் துடைத்தாள். நானோ அந்தச் சின்னக் குமிழைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதை என்ன கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க, கடையில போய் புதுசு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

முப்பத்துநான்கு வருஷம் ரசாயனத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவனுக்கு அந்தக் குமிழ் மேல் ஒரு மரியாதை உண்டு. குக்கரில் இருப்பது சூடு ஏறினால் உருகி வழிவிடுகிற ஈயக்கலவை. தொழிற்சாலையில் அதற்கு ஒரு பெரியண்ணன் இருக்கிறது, ரப்சர் டிஸ்க் என்று பெயர். அது சூட்டுக்கு உருகாது, அழுத்தத்துக்குக் கிழியும். காகிதம் போல மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நிக்கல் தகடு, கிண்ணம் கவிழ்த்த மாதிரி கொஞ்சம் குவிந்திருக்கும். இரண்டு ஃபிளேஞ்சுக்கு நடுவில் வைத்து போல்ட் முடுக்கிவிடுவோம். பாத்திரத்துக்குள் அழுத்தம் எல்லை தாண்டினால், கண் இமைப்பதற்குள் கிழிந்து மொத்தத்தையும் குழாய் வழியே வெளியே அனுப்பிவிடும். ஒரு தடவை கிழிந்தால் அதன் ஆயுசு முடிந்தது.

அன்று அண்ணன் பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். குஜராத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. குக்கர் கதையைக் கேட்டுவிட்டு, "எங்க பிளான்ட்லயும் இதே தொல்லைதான் தாத்தா. ரெண்டு மாசத்துல மூணு டிஸ்க் போயிருச்சு. அதுக்கு மேலேயே ரிலீஃப் வால்வு இருக்கு. அப்புறம் எதுக்கு இந்த டிஸ்க்னு மேனேஜர் கேக்கறார்" என்றான்.

நியாயமான கேள்விதான். ஸ்பிரிங் வைத்த ரிலீஃப் வால்வு அழுத்தம் கூடினால் திறக்கும், குறைந்தால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அது துளித்துளியாய்க் கசியும். ரெசின் மாதிரி பிசுபிசுப்பான சரக்கென்றால் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் திறக்காது. டிஸ்க் கசியாது, ஒட்டாது. ஆனால் கிழிந்தால் மூடாது. அதனால்தான் டிஸ்க்கைக் கீழேயும் வால்வை மேலேயும் வைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். டிஸ்க் வால்வைச் சரக்கிலிருந்து காப்பாற்றுகிறது. டிஸ்க் கிழிந்த பிறகு பாத்திரம் முழுக்கக் காலியாகிவிடாமல் வால்வு காப்பாற்றுகிறது. நல்ல கூட்டுக்குடித்தனம்.

இரண்டு மாதத்தில் மூன்று கிழிந்தால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கின் மேல் இருக்காது. பழைய ரகத் தகட்டைக் கிழிகிற அழுத்தத்தில் எழுபது சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும். பாத்திரத்தின் பக்கம் குவிந்திருக்கும் புது ரகம் தொண்ணூறு வரை தாங்கும். உற்பத்தி கூட்ட வேண்டும் என்று எல்லையை ஒட்டி ஓட்டினாலும், பம்ப் அடித்து அடித்துத் தகட்டைத் துடிக்க வைத்தாலும், சீக்கிரம் களைத்துப்போகும். சூடு கூடினால் உலோகம் இளகிச் சீக்கிரமே கிழியும். அதனால்தான் டேக்கில் அழுத்தத்தோடு வெப்பநிலையும் அடித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் தகட்டைத் திட்டுவது, காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. தடிமனான தகடு போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொன்ன ஆட்களையும் என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். ஒருவேளை அவர்கள் வீட்டுக் குக்கரில் சேஃப்டி வால்வுக்குப் பதில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்களோ என்னவோ.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "டிஸ்க்கை மாத்தறப்போ என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "கீழே ஒரு ஐசொலேஷன் வால்வு இருக்கு தாத்தா. அதை மூடிட்டு மாத்துவோம். பிளான்ட்டை நிறுத்த வேண்டியதில்லை."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் இரண்டு. ஒன்று அமெரிக்காவில் நடந்தது, இன்னொன்று எனக்கே நடந்தது.

டெக்சாஸில் ஹூஸ்டன் நகரத்தில் குட்இயர் கம்பெனியின் செயற்கை ரப்பர் ஆலை. அங்கே ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளிர்விக்க அம்மோனியா ஓடும். 2008 ஜூன் 10 அன்று, அதன் ரிலீஃப் வால்வுக்குக் கீழே கிழிந்துபோயிருந்த ரப்சர் டிஸ்க்கை மாற்றுவதற்காக ஐசொலேஷன் வால்வை மூடினார்கள். தகட்டை மாற்றினார்கள். மூடிய வால்வைத் திறக்கவில்லை. மறுநாள் காலை வேறு ஆள், வேறு வேலை. குழாய்களைச் சுத்தம் செய்ய நீராவியைக் கொடுத்தார். அதற்காக அம்மோனியா பக்கத்தில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வழியையும் மூடியிருந்தார். உள்ளே அடைபட்ட அம்மோனியா சூடேறிக்கொண்டே போனது. புத்தம் புதுத் தகடும் நல்ல ரிலீஃப் வால்வும் மூடிய வால்வுக்கு மேலே சும்மா உட்கார்ந்திருந்தன. எக்ஸ்சேஞ்சர் வெடித்தது. பக்கத்தில் இருந்த பெண் ஊழியர் ஒருவர் இறந்தார். எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று நினைத்துவிட்டார்கள். பல மணி நேரம் கழித்துத்தான் இடிபாட்டுக்குள் அவரைக் கண்டார்கள். அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை வாரியத்தின் அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நானும் அதே வால்வை மூடி வைத்தவன்.

எண்பதுகளில் நடந்தது. எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். நைட் ஷிப்ட், நல்ல மழை. ரெசின் கெட்டிலில் ஒரு டிஸ்க் போய்விட்டது. கீழ் வால்வை மூடி, நானும் எங்கள் மூத்த ஃபிட்டரும் டார்ச் வெளிச்சத்தில் நனைந்துகொண்டே புதுசு போட்டோம். அம்புக்குறி மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்தோம், போல்ட்டை எதிரெதிராக முடுக்கினோம், எல்லாம் ஒழுங்கு. பெர்மிட்டை முடித்துக் கையெழுத்துப் போட்டு, லாக் புக்கில் 'டிஸ்க் மாற்றப்பட்டது, வேலை முடிந்தது' என்று எழுதிவிட்டு கேன்டீனில் டீக்கு உட்கார்ந்தோம். அவர் டீயை ஊதிக்கொண்டே, "சார், கீழ் வால்வைத் திறந்தாச்சா?" என்று கேட்டார்.

அவர் திறந்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். நான் திறந்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம். அதற்குள் ஆபரேட்டர் கெட்டிலுக்கு நீராவி கொடுக்க ஆரம்பித்திருந்தார். வால்வைத் திறந்து முடித்தபோது என் கை நடுங்கியது. மழையால் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். நினைக்காமலும் இருக்கலாம். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: டிஸ்க்குக்குக் கீழே வால்வு வேண்டாம். பிளான்ட் ஓடும்போதே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு டிஸ்க் வையுங்கள். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் தானே திறக்கிற மூவழி வால்வு இருக்கிறது, செலவு பிடிக்கும். பணம் இல்லை என்றால், அந்த ஒற்றை வால்வைத் திறந்த நிலையில் பூட்டிச் சாவியை ஷிப்ட் இன்சார்ஜிடம் கொடுங்கள். ஏ.எஸ்.எம்.இ. விதிப்புத்தகத்தில்கூட, அதை மூடியிருக்கும் நேரம் முழுக்கப் பொறுப்பான ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும் என்றிருக்கிறது. நிற்க வேண்டும் என்றால் நிற்கத்தான் வேண்டும், டீக்குப் போகக் கூடாது. லாக் புக்கில் 'டிஸ்க் மாற்றப்பட்டது' என்ற வரி போதாது. 'வால்வு திறக்கப்பட்டது' என்று தனி வரி வேண்டும், அதை எழுதுபவர் தகட்டை மாற்றியவராக இருக்கக் கூடாது.

டிஸ்க்குக்கும் ரிலீஃப் வால்வுக்கும் நடுவில் ஒரு பிரஷர் கேஜ் இருக்கும். கண்ணாடி மங்கி, யாரும் திரும்பிப் பார்க்காத கேஜ். தகட்டில் ஊசித்துளை விழுந்தால் அந்த இடைவெளியில் அழுத்தம் சேரும். தகடு கிழிவது கீழும் மேலும் உள்ள அழுத்தத்தின் வித்தியாசத்தில்தான். பத்து கிலோவில் கிழிய வேண்டிய தகட்டுக்கு மேலே ஆறு கிலோ சேர்ந்திருந்தால், கீழே பதினாறு வந்த பிறகுதான் கிழியும். அதற்கு முன்பே பாத்திரம் போய்விடலாம். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு தரம் அந்த முள்ளைப் பார்ப்பதற்குக் காசா பணமா?

கிழிந்த பிறகு சரக்கு எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் 610ஆம் எண் தொட்டியின் மேலும் ரப்சர் டிஸ்க் இருந்தது, ரிலீஃப் வால்வும் இருந்தது. இரண்டும் திறந்து வழிவிட்டன. அந்த வழியின் முடிவில் வாயுவைக் கழுவ வேண்டிய கோபுரத்துக்கு அவ்வளவையும் சமாளிக்கும் சக்தி இல்லை. எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாயைக் கழற்றி வைத்திருந்தார்கள். மீதியை நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேரன் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், "முதல் வேலையா அந்த வால்வைப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நேற்று ராத்திரி கூப்பிட்டான்.

"வால்வு திறந்துதான் இருக்கு தாத்தா. பூட்டும் இருக்கு."

"சாவி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பூட்டுலயே தொங்குது" என்றான். காலையில் மேனேஜரிடம் பேசப்போகிறானாம். என்ன பேச வேண்டும் என்று கேட்டான். இதில் பாதியைப் போனிலேயே சொன்னேன்.